முதலில் அச்சு, அப்புறம் வண்ணம், கடைசியில்தான் பெட்டி

கேட்கப்பட்ட கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். மதுரை வில்லாபுரத்தில் இருக்கும் ஒரு தாய் எழுதியிருக்கிறார். அமெரிக்காவில் இருக்கும் அவருடைய அக்கா, அங்கே அக்டோபர் கடைசியில் வரும் ஹாலோவீன் பண்டிகைக்கான பூசணி, பூனை, பேய்ப் படங்களை மை தொட்டுக் குத்தும் ஸ்டாம்ப் செட் ஒன்றை அனுப்பியிருக்கிறார். ஆறாம் வகுப்புப் படிக்கும் மகளோடு சேர்ந்து ஒரு மிட்டாய்ப் பெட்டி செய்திருக்கிறார்கள். பெட்டியை ஒட்டி முடித்துவிட்டு அதன் மேல் ஸ்டாம்ப் குத்தியபோது பாதிப் படம் பதியவில்லை. பதிந்த பாதியிலும் ஸ்கெட்ச் பேனா பட்டவுடன் கறுப்பு மை கரைந்து, பூசணிக்காய் முழுவதும் சாம்பல் நிறமாகிவிட்டது. பெட்டியும் கோணிக்கொண்டது. எங்கே தப்பு, மறுபடி எப்படிச் செய்வது என்பது கேள்வி.

உங்கள் கைவேலையில் குறை ஒன்றும் இல்லை. வேலையின் வரிசைதான் மாறிவிட்டது. என் அப்பா மதுரையில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் அச்சகத்தில் பைண்டிங் வேலை பார்த்தவர். அங்கே அட்டை தட்டையாகக் கிடக்கும்போதே எல்லாம் நடந்துவிடும்: அச்சு, ஜிகினா, கிரீசிங் (மடிப்புக் கோட்டை அழுத்திப் பள்ளமாக்குவது), கட்டிங். மடிப்பதும் ஒட்டுவதும் கடைசி. ஒட்டிய பெட்டிக்கு உள்ளே வெற்றிடம் இருக்கிறது. மேலே அழுத்தினால் அட்டை உள்வாங்கும், ஸ்டாம்பின் நடுப்பகுதி பதியாது. தட்டையான மேசை மேல் வைத்துக் குத்தினால் அதே ஸ்டாம்ப் அழகாக விழும். திருநகரில் பிள்ளைகளுக்குக் கைவேலை வகுப்பு எடுக்கும்போது நான் முதல் நாள் சொல்லித் தருவது இந்த வரிசையைத்தான். வேறு எதை மறந்தாலும் இதை மறக்க விடமாட்டேன்.

சரி, அட்டையில் இருந்து தொடங்குவோம். சாதாரண பிரிண்ட் பேப்பர் 70, 80 ஜிஎஸ்எம் இருக்கும் (ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் என்ற கணக்கு). அது பெட்டிக்கு ஆகாது. 250 ஜிஎஸ்எம் ஐவரி அட்டை ஏ4 அளவில் கேளுங்கள். நீர் வண்ணம் பூசப் போகிறீர்கள் என்றால் 300 எடுங்கள். பளபளப்பான ஆர்ட் கார்டு வேண்டாம். அது மையை உறிஞ்சாது, மறுநாள் தொட்டாலும் விரலில் ஒட்டும். கல்யாணப் பத்திரிகை அடிக்கும் அச்சகங்களில் வெட்டி மிஞ்சிய அட்டைத் துண்டுகள் குவிந்து கிடக்கும். முகம் தெரிந்த கடை என்றால் கேட்டுப் பாருங்கள். பயிற்சி எடுக்க அதைவிட நல்ல அட்டை கிடையாது.

பெட்டிக்கு நான் சொல்வது தீப்பெட்டி அமைப்பு. சிவகாசி பக்கத்தில் இருக்கும் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. உள்ளே ஒரு தட்டு, வெளியே ஒரு உறை. மூடி வைத்த பெட்டியைவிட இது எளிது. படம் வரைய மேல்முகம் ஒரே சீராகக் கிடைக்கும், சின்னக் கைகளால் திறந்து மூடினாலும் கிழியாது. ஒரே ஏ4 அட்டையில் இரண்டு பாகமும் அடங்கும்படி அளவு தருகிறேன்.

அட்டையை நெட்டுவாக்கில், அதாவது 21 செ.மீ. பக்கம் குறுக்கே இருக்கும்படி வையுங்கள். மேலிருந்து 9 செ.மீ. உயரத்துக்கு ஒரு பட்டை, அதில் 19.3 செ.மீ. நீளம் உறைக்கு. அதில் இடமிருந்து 6.2, 8.9, 15.1, 17.8 செ.மீ. ஆகிய இடங்களில் நெட்டாக நான்கு மடிப்புக் கோடுகள். முதல் கட்டம் பெட்டியின் அடிப்பக்கம், மூன்றாவது கட்டம் மேல்முகம், இரண்டாவதும் நான்காவதும் பக்கவாட்டு. கடைசியில் மிஞ்சும் 1.5 செ.மீ. ஒட்டும் பட்டை. இப்படிப் பிரித்தால் ஒட்டு அடியில் மறைந்துவிடும். உள்தட்டுக்கு 14 செ.மீ.க்கு 11 செ.மீ. ஒரு துண்டு. நான்கு பக்கமும் 2.5 செ.மீ. உள்ளே தள்ளிக் கோடு போட்டால் 9 × 6 செ.மீ. அடித்தளம் கிடைக்கும். உறையின் அகலம் 6.2, உயரம் 2.7 என்று தட்டைவிட 2 மி.மீ. கூடுதலாக வைத்திருக்கிறேன். அந்த 2 மி.மீ.யை மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள். வண்ணமும் பசையும் ஏறிய பிறகு அட்டை கொஞ்சம் தடித்துவிடும், தட்டு உள்ளே போக மறுக்கும்.

ஏன் நெட்டுவாக்கில் என்றால், காகிதத்துக்கும் மரத்தைப் போல ஒரு ரேகை உண்டு. நார்கள் ஒரே திசையில் படுத்திருக்கும். ஏ4 தாளில் பெரும்பாலும் அது நீளவாட்டில் ஓடும். அந்தத் திசையில் மடித்தால் கோடு கத்தி மாதிரி விழும், குறுக்கே மடித்தால் வெடித்து வெள்ளை நார் தெரியும். சந்தேகமாக இருந்தால் அட்டையை இரண்டு பக்கமும் லேசாக வளைத்துப் பாருங்கள். எளிதாக வளையும்போது வளைவின் முதுகு எந்த வாட்டத்தில் ஓடுகிறதோ, ரேகையும் அந்த வாட்டம்.

கிரீசிங் போடத் தனிக் கருவி வாங்க வேண்டாம். மை தீர்ந்துபோன ரீஃபில், ஒரு ஸ்டீல் ஸ்கேல், அடியில் ஒரு பழைய வார இதழ். வெளியே தெரியப் போகும் பக்கத்தில் கோட்டை இரண்டு தடவை அழுத்தி இழுங்கள். பள்ளம் வெளிப்பக்கம், மேடு உட்பக்கம். மடிக்கும்போது பள்ளத்துக்கு எதிர்த்திசையில் மடிக்க வேண்டும். ஆனால் இப்போது மடிக்க வேண்டாம். கோடு மட்டும் போட்டுவிட்டு அட்டையைத் தட்டையாகவே வைத்திருங்கள். வண்ணம் தீட்டிய பின் ரீஃபிலால் இழுத்தால் நிறம் கீறிக்கொள்ளும். அதனால் கிரீசிங் முன்னால், மடிப்பு பின்னால். எந்தக் கட்டம் எங்கே முடிகிறது என்பதும் அந்தக் கோடுகளாலேயே தெரிந்துவிடும், படம் மூலையில் உடையாது.

இனி ஸ்டாம்ப். உங்களுக்கு வந்திருப்பது கண்ணாடி மாதிரித் தெரியும் பாலிமர் ஸ்டாம்ப் என்று நினைக்கிறேன். புதிதாக இருக்கும்போது அதன் மேல் மை திட்டுத் திட்டாக நிற்கும். பென்சில் ரப்பரால் முகத்தை லேசாகத் தேய்த்துவிட்டால் மை சமமாகப் பிடிக்கும். மை வைக்கும்போது ஸ்டாம்பைப் பேடில் அழுத்தாமல் நாலைந்து முறை மெதுவாகத் தட்டுங்கள். அட்டைக்கு அடியில் அந்த வார இதழை வைத்து, நேராக இறக்கி, ஐந்து எண்ணும் வரை அழுத்தி, நேராக எடுங்கள். ஆட்டக் கூடாது. பிள்ளைகள் பத்திரத்தில் முத்திரை குத்துவதைப் பார்த்துவிட்டு 'டக்' என்று ஓங்கிக் குத்துவார்கள். ஓங்குவதில் பலன் இல்லை, பொறுமையான அழுத்தம்தான் வேண்டும்.

மையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், உங்கள் பூசணிக்காய் சாம்பலானது இதனால்தான். அலுவலகத்தில் பயன்படுத்தும் ஸ்டாம்ப் பேடு மை சீக்கிரம் காயக் கூடாது என்று தயாரிக்கப்படுவது. பெரும்பாலும் தண்ணீரில் கரையும். ஸ்கெட்ச் பேனாவும் தண்ணீர்தான். தண்ணீர் மேல் தண்ணீர் பட்டால் கறுப்பு ஓடாமல் என்ன செய்யும்? ஆகவே கோட்டுக்கு எந்த மை, உள்ளே எந்த வண்ணம் என்ற பொருத்தத்தை முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். நீர் வண்ணமோ ஸ்கெட்ச் பேனாவோ பூசுவதானால், காய்ந்த பின் தண்ணீரில் கரையாத ஆர்க்கைவல் மை வேண்டும். ஆல்கஹால் மார்க்கர் பூசுவதானால் தண்ணீர் அடிப்படையிலான டை மை (சாய மை) நல்லது. அங்கே சால்வென்ட் மை (ரசாயனக் கரைப்பானில் செய்த மை) வைத்தால், தண்ணீருக்கு அசையாத அது ஆல்கஹாலுக்குக் கரைந்துவிடும். எல்லா மையோடும் ஒத்துப்போவது கலர் பென்சில். மை காய்ந்திருந்தால் போதும். உங்கள் மகளுக்கு முதல் பெட்டி என்பதால் கலர் பென்சிலையே நான் சொல்வேன். எந்தச் சேர்க்கையானாலும் மிஞ்சிய துண்டில் ஒரு முறை சோதித்துப் பாருங்கள். அக்டோபர் கடைசி நமக்கு வடகிழக்குப் பருவமழை நேரம். சித்திரையில் பத்து நிமிடத்தில் காயும் மை அப்போது ராத்திரி முழுக்க ஈரமாக இருக்கும். குத்திய அட்டையை ஒரு இரவு மின்விசிறிக்குக் கீழே விட்டுவிடுங்கள்.

வெளிநாட்டு ஸ்டாம்ப் கிடைக்காத பிள்ளைகளுக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். பென்சில் அழிக்கும் வெள்ளை ரப்பரிலேயே நல்ல ஸ்டாம்ப் செதுக்கலாம். பட்டர் பேப்பரில் பென்சிலால் வௌவாலை அழுத்தி வரைந்து, தாளை ரப்பர் மேல் கவிழ்த்து, நகத்தால் தேய்த்தால் படம் இறங்கும். இடம் வலமாக மாறித்தான் இறங்கும், அச்சடிக்கும்போது நேராகிவிடும். பிளேடை வெளிப்பக்கம் சரித்துப் பிடித்து வெட்டுங்கள். உட்பக்கம் சரித்து வெட்டினால் கோட்டின் அடி மெலிந்து, நாலு முறை குத்தியதும் பிய்ந்துவிடும். பிளேடு வேலை பெரியவர்கள் கையில் இருக்கட்டும். செதுக்கிய ரப்பரை பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு வைத்தால் இரண்டும் உருகி ஒட்டிக்கொள்ளும், காகிதத்தில் சுற்றி வையுங்கள். வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டிக் குத்தினால் விழும் ஐந்து மூலைப் பூ, ஹாலோவீன் வானத்துக்கு நல்ல நட்சத்திரம்.

படங்களை எங்கே வைப்பது? மேல்முகத்தை 9 செ.மீ. அகலம், 6.2 செ.மீ. உயரமாகப் படுக்கைவாட்டில் பாருங்கள். அதற்குக் கீழே தொடரும் பக்கவாட்டுக் கட்டம் தரை: புல், வேலி, சின்னப் பூசணிகள். 2.7 செ.மீ. உயரம்தான் இருப்பதால் இரண்டு செ.மீ.க்கு மேற்பட்ட ஸ்டாம்பை அங்கே எடுக்காதீர்கள். எதிர்ப்பக்கக் கட்டத்தில் குத்தும்போது அட்டையை மேசை மேலேயே தலைமாற்றிச் சுற்றிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் பெட்டியைச் சுற்றிப் பார்க்கும்போது அந்தப் பக்கத்துப் பூனை தலைகீழாக நிற்கும். என் வகுப்பில் மிக அதிகமாக நடக்கும் தவறு இது. பென்சிலால் ஒவ்வொரு கட்டத்திலும் 'மேல்' என்று ஒரு அம்புக்குறி போட்டுவிட்டால் தீர்ந்தது.

பூசணிக்குப் பின்னால் பூனை உட்கார்ந்திருப்பது போல வேண்டுமென்றால், முன்னால் இருப்பதை முதலில் குத்துங்கள். பிறகு பூசணியை ஒரு ஒட்டுச்சீட்டில் (ஒட்டி எடுக்கும் ஸ்டிக்கி நோட்) இன்னொரு முறை குத்தி, ஓரத்தோடு கத்தரித்து, அட்டையில் இருக்கும் பூசணி மேல் மூடுங்கள். இப்போது பூனையைப் பாதி மேலே விழும்படி குத்திவிட்டுச் சீட்டை எடுத்தால், பூனை பின்னால் போய் உட்கார்ந்திருக்கும். அதை முதல் முறை பார்க்கும் பிள்ளையின் முகத்துக்காகவே நான் இதை ஒவ்வொரு வருடமும் சொல்லிக் கொடுக்கிறேன்.

பூசணி என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். ஹாலோவீன் அக்டோபர் 31. நவம்பர் 1 கிறிஸ்தவர்களுக்குப் புனிதர் அனைவர் திருநாள், அதற்கு முந்தைய மாலை இது. மறுநாள் நவம்பர் 2-ஐ நம் ஊரில் கல்லறைத் திருநாள் என்கிறோம், கல்லறைகளைச் சுத்தம் செய்து பூவும் மெழுகுவத்தியும் வைக்கிறோம். முகம் குடைந்த பூசணிக்குள் விளக்கு வைப்பது அமெரிக்காவில் பரவியது. அதற்கு முன் அயர்லாந்தில் டர்னிப் கிழங்கில் முகம் குடைந்தார்கள், கெட்ட ஆவி கிட்டே வரக் கூடாது என்று. இதைப் பிள்ளைகளுக்கு விளக்க எனக்கு அதிக நேரம் ஆவதில்லை. கட்டி முடியாத வீட்டின் முன்னால் முட்டைக் கண்ணும் மீசையும் பல்லுமாக வரைந்து தொங்கும் திருஷ்டிப் பூசணியை எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். நம்முடையது சாம்பல் பூசணி, அவர்களுடையது மஞ்சள் பூசணி. உங்கள் பெட்டியின் ஒரு பக்கத்தில் அந்த மீசைக்காரப் பூசணியையும் மகள் வரையட்டும். அமெரிக்காவில் இருக்கும் பெரியம்மாவுக்கு வேறு யாரும் அனுப்ப முடியாத பெட்டியாக அது இருக்கும்.

வண்ணத்துக்கு வருவோம். பூசணிக்கு நேராக ஆரஞ்சை எடுக்காதீர்கள். முழுவதும் மஞ்சள், அதன் மேல் ஒவ்வொரு சுளையின் இரண்டு ஓரத்திலும் ஆரஞ்சு, பள்ளத்தில் மட்டும் செங்காவி. சுளையின் நடுவே மஞ்சள் அப்படியே தெரிய வேண்டும், அதுதான் உருண்டையாகக் காட்டும். தரையில் விழும் நிழலுக்குக் கறுப்பு வேண்டாம், ஊதா போடுங்கள். ஆரஞ்சுக்குப் பக்கத்தில் ஊதா நிழல் விழுந்தால் இரண்டும் எழும்பி நிற்கும். கறுப்புப் பூனையையும் முழுக் கறுப்பாக நிரப்பினால் ஓட்டை மாதிரி தெரியும். கருநீலம் பூசி, அதன் மேல் கறுப்பு, முதுகில் ஒரு மெல்லிய கோடு மட்டும் நீலமாக விடுங்கள், நிலா வெளிச்சம் பட்டது போல இருக்கும்.

வானத்தில் ஒரு கண்ணி இருக்கிறது. கீழே ஆரஞ்சு, மேலே ஊதா என்று பலரும் போடுவார்கள், இரண்டும் சந்திக்கும் இடம் சேறாகிவிடும். ஆரஞ்சும் ஊதாவும் கலந்தால் பழுப்புதான் வரும். இடையில் ஒரு விரல் அகலத்துக்கு ரோஸ் நிறத்தை ஓட்டினால் மாலை வானம் தெளிவாக நிற்கும்.

நான் மிகவும் விரும்பிச் சொல்லித் தரும் வேலை சிலந்தி வலை. வெள்ளை மெழுகுவத்தியைக் கூராகச் சீவி, வெள்ளை அட்டையில் வலையை அழுத்தி வரையுங்கள். ஒன்றும் தெரியாது. அதன் மேல் ஊதா நீர் வண்ணத்தை ஒரே வீச்சில் பூசினால், மெழுகு இருக்கும் இடத்தில் தண்ணீர் ஒட்டாமல் வலை வெள்ளையாக வெளியே வரும். இது நம் ஊர் வித்தைதான். இன்று விற்கும் மதுரைச் சுங்குடிச் சேலைகளில் பெரும்பாலானவற்றில் இதே முறைதான் நடக்கிறது: உருக்கிய மெழுகை அச்சால் துணியில் பதித்து, சாயத்தில் தோய்த்து, பிறகு வெந்நீரில் மெழுகை எடுப்பார்கள். சௌராஷ்டிரக் குடும்பங்கள் நூலால் முடிந்து முடிந்து சாயமேற்றிய பழைய சுங்குடியில் புள்ளிகள் வானத்து நட்சத்திரம் மாதிரி இருக்கும். என் பெட்டிகளின் இரவு வானத்துக்கு நான் வைப்பது எப்போதும் சுங்குடிப் புள்ளிகள்தான். மெழுகால் சின்னச் சின்ன வட்டம் வைத்து மேலே கருநீலம் பூசிப் பாருங்கள்.

இங்கே மூன்று எச்சரிக்கை. மெழுகைத் தொடுவது ஆர்க்கைவல் மை காய்ந்த பிறகுதான், மெழுகின் மேல் ஸ்டாம்ப் பதியாது. ஒட்டும் 1.5 செ.மீ. பட்டையில் மெழுகோ கலர் பென்சிலோ ஏறக் கூடாது, பசை பிடிக்காது. நீர் வண்ணம் கிரீசிங் பள்ளத்தில் தேங்கினால் உடனே துணியால் ஒற்றுங்கள். பூசிய அட்டை உங்கள் பெட்டி போலவே வளையும், அதற்குப் பயப்பட வேண்டாம். காய்ந்த பின் முதுகுப் பக்கத்தை ஈரத் துணியால் லேசாகத் தடவி, இரண்டு வெள்ளைத் தாளுக்கு நடுவே வைத்து, கனமான புத்தகங்களை ஏற்றி ஒரு இரவு விட்டால் நேராகிவிடும். அப்பா நோட்டு அட்டைகளை இப்படித்தான் நேர் செய்வார்.

ஸ்டாம்ப் கோட்டைப் புடைக்க வைக்கும் எம்பாசிங் பவுடர் செட்டில் இருந்தால், மெதுவாகக் காயும் பிக்மென்ட் மையில் குத்தி, ஈரத்தில் பவுடரைத் தூவித் தட்டிவிட்டு, சூடு காட்ட வேண்டும். முடி உலர்த்தும் டிரையர் பவுடரை ஊதித் தள்ளிவிடும், உருக்கும் சூடும் அதில் இருக்காது. ஹீட் கன் இல்லையென்றால், காய்ந்த தோசைக்கல்லுக்குச் சற்று மேலே அட்டையை இடுக்கியால் பிடியுங்கள், அடியிலிருந்து ஏறும் சூட்டில் உருகும். பெரியவர்கள் மட்டும் செய்ய வேண்டியது. மடிப்புக் கோட்டின் மேல் எம்பாசிங் வேண்டாம், மடித்ததும் உதிரும்.

மடித்து ஒட்டுவது அரை மணி நேர வேலை. உள்தட்டின் ஒவ்வொரு மூலைச் சதுரத்திலும் ஒரு பக்கக் கோட்டை மட்டும் வெட்டி, சதுரத்தை உள்ளே மடித்து ஒட்டுங்கள். ஃபெவிகாலை விரலால் அப்பாமல் பிரஷால் மெல்லிசாக இழுங்கள். அதில் இருக்கும் தண்ணீரே அட்டையை வளைக்கும். துணி கிளிப் போட்டுப் பத்து நிமிடம் விடுங்கள். உறைக்கு டபுள் சைடு டேப்பைவிடப் பசை நல்லது, கோணலாகப் போனால் நகர்த்தலாம். தட்டை இழுக்க முனையில் ஒரு நாடா வைக்கலாம். மதுரைப் புதுமண்டபத்தில் இருந்து குன்னத்தூர் சத்திரத்துக்கு இடம் மாறிய கடைகளில் ஜரிகை நாடா மீட்டர் கணக்கில் கிடைக்கும், ஆரஞ்சும் கறுப்புமாகப் பார்த்து எடுங்கள். தட்டின் அடித்தளத்தில் ஒரே ஒரு சின்னப் பேயைக் குத்தி வையுங்கள், மிட்டாய் தீரும்போது தெரியட்டும். கடலை மிட்டாய் வைப்பதானால் பட்டர் பேப்பர் விரித்துவிடுங்கள், எண்ணெய் அட்டையில் இறங்கும்.

2024-ல் தீபாவளியே அக்டோபர் 31 அன்று வந்தது. அந்த வருடம் என் வகுப்புப் பிள்ளைகள் மேல்முகத்தில் பூசணியும், பக்கவாட்டில் புஸ்வாணமும் குத்தி, உள்ளே அதிரசம் வைத்துக் கொடுத்தார்கள். புஸ்வாணம் ரப்பரில் செதுக்கியதுதான்.

ஏற்கெனவே கெட்டுப்போன பெட்டியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். நான் சொன்ன அளவில் வெட்டினால் ஏ4-ன் அடியில் 9.7 செ.மீ. உயரத்துக்கு ஒரு துண்டு மிஞ்சும். அதில் பூசணி, வௌவால், பூனை மூன்றையும் தனித்தனியாகக் குத்தி, காயவிட்டு, கலர் பென்சிலால் தீட்டி, ஓரத்தோடு கத்தரித்து எடுங்கள். பழைய பெட்டியின் சாம்பல் கறை இனி மேகம். அதன் மேல் இவற்றை ஒட்டிவிடலாம். ஒட்டும் முன் கத்தரித்த விளிம்பைக் கறுப்புப் பென்சிலால் ஒரு சுற்று ஓட்டிவிடுங்கள், அட்டையின் வெள்ளை ஓரம் தெரியாது.